பேய்த்தேர்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)

சென்ற மாதம் உருத்திரபுரத்திலிருந்து ஒரு மாணவி கடிதம் எழுதியிருந்தார். உயர்தர வகுப்பிலே தமிழைப் பாடமாக எடுத்துப் படிப்பவர். கட்டுரை ஒன்றிலே, கானல் நீர் என்பது பொய்த்தோற்றம், இல்லாத நீரை இருப்பதாகக் காட்டும் கண்ணின் மயக்கம் என்று எழுதி நல்ல புள்ளியும் வாங்கிவிட்டாராம். பிறகு ஒரு நாள் பரந்தனிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பேருந்திலே முன் ஆசனத்தில் இருந்திருக்கிறார். ஆனையிறவு வருவதற்கு முன்னால் வீதியிலே தண்ணீர் தேங்கிப் பளபளத்ததைக் கண்டு கைத்தொலைபேசியிலே படம் எடுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்து பார்த்தால் படத்திலும் தண்ணீர்! "ஐயா, என்னுடைய கண் மயங்கியது சரி, தொலைபேசியும் மயங்குமா?" என்று கேட்கிறார்.

இதைவிட நல்ல கேள்வி ஒன்று அண்மைக் காலத்தில் எனக்கு வந்ததில்லை. இன்றைய உரையை அந்தப் பிள்ளைக்கே கொடுத்துவிடுகிறேன். நேயர்கள் கூட இருந்து கேளுங்கள்.

கானல் நீரைப் பார்க்க சகாராவுக்கோ தார்ப் பாலைவனத்துக்கோ போகவேண்டியதில்லை. சித்திரை தொடங்கி ஆவணி, புரட்டாதி வரை எங்கள் பரந்தன் வெளியே போதும். வலப்பக்கமும் இடப்பக்கமும் கடல்நீரேரி வற்றி, சேறு வெடித்து, மேலே உப்புப் பூத்துக் கிடக்கும். நடுவிலே ஒரு கறுப்புக் கோடாக வீதி. மத்தியான வேளையிலே காற்றுச் சற்று ஓய்ந்திருக்கும்போது பார்த்தால் வீதியின் கடைசியிலே ஒரு குளம் தெரியும். எதிரே வரும் பாரவூர்தி அந்தக் குளத்துக்குள்ளே தலைகீழாகவும் ஓடிவரும். நாங்கள் கிட்டப் போகப் போகக் குளம் விலகி விலகிப் போகும்.

பாலை என்றொரு தனி நிலம் தமிழர் நிலத்திலே இல்லை, முல்லையும் குறிஞ்சியும் கோடை வெயிலிலே தம் இயல்பு கெட்டுப் பாலை என்னும் கோலத்தைக் கொள்ளுகின்றன என்று சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையிலே இளங்கோவடிகள் சொல்லுகிறார். இதை நான் முதன்முதலிலே படித்தபோது, இவர் வன்னியிலே ஒரு கோடையைக் கழித்திருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். மாரியிலே தவளைச் சத்தம் காதைப் பிளக்கும் அதே இடம் ஆவணியிலே எப்படிக் கிடக்கிறது என்பதை நாங்கள் ஆண்டுதோறும் பார்க்கிறவர்கள். (பாலை என்றவுடனே எங்கள் பக்கத்துச் சிறுவர்களுக்கு நினைவுக்கு வருவது பாலைப்பழம் என்பது வேறு கதை.)

இனிச் சொல்லுக்கு வருவோம். இன்று நாங்கள் கானல் என்கிறோம். ஆனால் சங்கப் புலவருக்குக் கானல் என்றால் கடற்கரைச் சோலை. தாழையும் புன்னையும் நிழல் செய்யும் குளிர்ந்த இடம். சிலப்பதிகாரத்துக் கானல்வரி அந்தக் கானலைச் சேர்ந்ததுதான். குளிர்ச்சிக்குப் பெயராக இருந்த சொல்லே பின்னாளிலே வெக்கைக்கும் பெயராகிவிட்டது. சங்கப் பாலைப் பாடல்களிலே இந்தத் தோற்றத்துக்குப் பேய்த்தேர் என்றும் வெண்தேர் என்றும் பெயர். நீர் என்று எண்ணி விலங்குகள் அதன் பின்னே ஓடி இளைக்கும் காட்சி அந்தப் பாடல்களிலே வரும். அகநானூற்றுப் பாடல் ஒன்று, உருவமில்லாத பேயினுடைய, யாரும் ஏறிச் செலுத்தாத தேர் என்று இதைச் சொல்லுகிறது.

வடமொழியிலே இதற்கு மிருகதிருஷ்ணை என்று பெயர்; மானின் தாகம் என்று பொருள். அந்தப் பெயர் தாகத்தைப் பார்க்கிறது. தமிழ்ப் பெயரோ தோற்றத்தைப் பார்க்கிறது. நிலத்தை விட்டுச் சற்று உயர்ந்து, அடி தெரியாமல், ஆடி ஆடி அசைந்து போவதால் தேர். ஓட்டுகிறவனைக் காணவில்லை, ஆகையினால் பேயின் தேர். பார்த்ததைப் பார்த்தபடி எழுதிவைத்த பெயர் இது. எங்களுடைய பேச்சிலே ஏமாற்றுவதைப் பேய்க்காட்டுதல் என்கிறோமே, "என்னைப் பேய்க்காட்டாதை" என்கிறோமே, அதற்கும் இந்தத் தேருக்கும் ஏதாவது உறவு இருக்குமோ என்று எனக்கு நீண்டநாள் ஆசை. ஆசைதான், ஆதாரம் இல்லை.

இந்தத் தேரின் மர்மத்தை அறிவியல் முறையிலே துலக்க முயன்றவர்களுள் முக்கியமானவர் கஸ்பார் மோன்ஜ் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர். 1798 ஆம் ஆண்டு நெப்போலியனின் படை எகிப்திலே இறங்கியது. ஆடி மாத வெயிலிலே அலெக்சாந்திரியாவிலிருந்து கெய்ரோவை நோக்கி நடந்த சிப்பாய்களுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. தூரத்திலே மேட்டு நிலத்துக் கிராமங்கள் பெரிய ஏரியின் நடுவிலே தீவுகள் போலத் தெரிந்தன. ஒவ்வொரு கிராமத்தின் கீழும் அதன் தலைகீழ் நிழல் நீரிலே விழுந்ததுபோலக் கிடந்தது. கிட்டப் போனார்கள், ஏரி அடுத்த கிராமத்துக்குப் போய்விட்டது. படையோடு கூடப் போயிருந்த மோன்ஜ் இதற்கான விளக்கத்தை எழுதி, அந்த ஆண்டே கெய்ரோவிலே அமைக்கப்பட்ட எகிப்தியக் கழகத்தின் அறிஞர்கள் முன் வைத்தார். தாகத்திலே வந்த பிரமை என்று அவர் ஒதுக்கிவிடவில்லை என்பதுதான் அவருடைய பெருமை. தாகமில்லாதவனும் இதைக் காண்கிறான் என்பதை அவர் கவனித்துக்கொண்டார்.

விளக்கம் என்ன? வெயில் காற்றை நேரடியாகப் பெரிதாகச் சூடாக்குவதில்லை. அது நிலத்தைச் சூடாக்குகிறது. நிலம் தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றைச் சூடாக்குகிறது. ஆகவே தார் வீதியை ஒட்டிய மெல்லிய படை மிகச் சூடானது. அதற்கு மேலே போகப் போகக் காற்றுக் குளிர்ந்தது. சூடான காற்றுக்கு அடர்த்தி குறைவு. அடர்த்தி குறைந்த காற்றிலே ஒளி சற்று விரைவாகப் போகும். அடர்த்தி கூடிய காற்றிலே சற்று மெதுவாகப் போகும்.

இப்போது எங்கள் அப்புவின் மாட்டுவண்டிலைக் கொண்டுவருகிறேன். வண்டிலின் ஒரு சில்லு இறுகிய தரையிலும் மற்றச் சில்லு புழுதி மணலிலும் ஓடினால் என்ன நடக்கும்? மணலிலே ஓடும் சில்லு பிந்தும், தரையிலே ஓடும் சில்லு முந்தும், வண்டில் மணல் பக்கம் திரும்பும். ஒளியும் அப்படித்தான். தொலைவானத்திலிருந்து சாய்வாக இறங்கி வீதியை ஒட்டி வருகிற கதிரின் அடிப்பக்கம் சூட்டுக் காற்றிலே, அதாவது இறுகிய தரையிலே, ஓடுகிறது. மேற்பக்கம் குளிர்ந்த காற்றிலே, அதாவது மணலிலே, ஓடுகிறது. கதிர் மேற்பக்கம் வளைகிறது. நிலத்தைத் தொடாமலே கிண்ணம் போல வளைந்து எழுந்து எங்கள் கண்ணுக்குள்ளே வந்துவிடுகிறது. கண்ணோ ஒளி நேர்கோட்டிலே வருகிறது என்று பழகியது. வந்த திசையைப் பின்னோக்கி நீட்டிப் பார்க்கிறது. அது வீதியிலே போய் முட்டுகிறது. வீதியின் மேலே ஒரு துண்டு வானம்!

நிலத்திலே வானம் தெரிந்தால் அது என்ன? பிறந்த நாள் முதல் நாங்கள் கண்டதெல்லாம் ஒன்றுதான். குளத்திலே வானம் தெரியும், கேணியிலே தெரியும், மழை விட்டபின் வளவிலே தேங்கிய தண்ணீரிலே தெரியும். ஆகவே மனம் தண்ணீர் என்கிறது. சூட்டுக் காற்றுக் கொதித்து எழுந்து அலைவதனால் அந்த வானத்துண்டும் அலைகிறது. மனத்துக்கு இன்னும் உறுதியாகிவிடுகிறது. கண் எந்த இடத்திலும் பிழை விடவில்லை, பிள்ளை. வந்த ஒளியைத்தான் கண்டது. அதே ஒளிதான் தொலைபேசியின் வில்லைக்குள்ளும் போனது. தண்ணீர் என்ற சொல்லை மட்டும் நாங்கள் சேர்த்தோம்.

மோன்ஜ் இதனைச் சூட்டுப் படையின் மேற்பரப்பிலே கண்ணாடியிலே போல நடக்கும் முழு அகத்தெறிப்பு என்று கருதினார். பாடப்புத்தகங்கள் பலவும் இன்றைக்கும் அப்படியே சொல்லுகின்றன. ஆனால் காற்றிலே அப்படியொரு வெட்டான எல்லை கிடையாது. இது படிப்படியான ஒளிமுறிவு, தொடர்ச்சியான வளைவு. விளைவு என்னவோ ஒன்றுதான்.

இந்த வளைவு எவ்வளவு சிறியது என்பதுதான் என்னை எப்போதும் வியக்க வைப்பது. 30 பாகை செல்சியசிலே காற்றின் முறிவுச் சுட்டி ஏறத்தாழ 1.00026. 50 பாகையிலே ஏறத்தாழ 1.00025. வித்தியாசம் பத்து இலட்சத்திலே பதினாறு பங்கு அளவுதான். அது கதிரைத் திருப்பக் கூடியது, நிலத்தோடு ஒரு பாகையின் மூன்றிலொரு பங்குக்கு உட்பட்ட சாய்விலே வரும்போது மட்டும். அதனாலேதான் காலடியிலே கானல் நீர் ஒருநாளும் இல்லை. கண்ணிலிருந்து அவ்வளவு சிறிய சாய்விலே பார்வை போய் நிலத்தைத் தொடும் இடத்துக்கு அப்பால்தான் அது தொடங்கும். நிலத்திலிருந்து 1.5 மீற்றர் உயரத்திலே கண் உள்ள ஒருவருக்கு, நான் சொன்ன வெப்பநிலைகளிலே, அந்த இடம் கிட்டத்தட்ட 260 மீற்றர் தூரம். நாங்கள் பத்து அடி நடந்தால் அதுவும் பத்து அடி போகும். கோணம் மாறாதல்லவா? துரத்தினால் ஓடுகிறது என்று புலவர்கள் சொன்னது கணக்குக்குச் சரி.

இந்தக் கணக்கை நான் செய்து பார்த்தது ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு. செய்து முடித்தபோது பேனாவை வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். காரணத்தைச் சொல்லத்தான் வேண்டும்.

1996 ஆம் ஆண்டு ஆடி, ஆவணியிலே கிளிநொச்சி நகரம் இடம்பெயர்ந்தது நேயர்கள் பலருக்கு நினைவிருக்கும். நாங்களும் அக்கராயன் பக்கமாக நடந்தோம். சைக்கிளிலே மூட்டைகள். அக்காவின் மகள், அப்போது ஐந்து வயதுப் பிள்ளை, மூட்டைகளுக்கு இடமில்லாமற் போனதால் என்னுடைய கையைப் பிடித்துக்கொண்டு நடந்துவந்தாள். போத்தல் தண்ணீர் விடியவே முடிந்துவிட்டது. அறுவடை முடிந்து மாடு மேய்ந்து மொட்டையாகிக் கிடந்த வயல்வெளியை ஊடறுத்து வீதி நேராக ஓடியது. ஒரு பக்கத்திலே தனிப் பனை ஒன்று. அதற்கு வெகுதூரம் அப்பால் வீதியிலே கானல் மின்னியது.

"மாமா, அந்தா தண்ணி கிடக்கு" என்றாள்.

"அது தண்ணி இல்லைப் பிள்ளை, வெயில்" என்றேன்.

"இல்லை, தண்ணிதான். அந்தப் பனைக்குக் கிட்டக் கிடக்கு."

நானும் பார்த்தேன். பனையடியிலே ஒன்றுமே இல்லை, வெறும் வீதி. கானல் தெரிவது பனையைக் கடந்து இன்னும் எவ்வளவோ தூரத்திலே. இவள் தண்ணீர் கேட்டு அடம்பிடிக்கப் பனையைச் சாட்டுகிறாள் என்று நினைத்துவிட்டேன். களைப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. "பொய் சொல்லாதை" என்று உரத்துச் சொன்னேன். அதன் பிறகு அவள் அந்தத் தண்ணீரைப் பற்றிக் கதைக்கவில்லை. கையை மட்டும் விடாமல் வந்தாள்.

அந்தப் பிள்ளையின் கண் நிலத்திலிருந்து 90 சென்ரிமீற்றர் உயரத்திலே இருந்திருக்கும். அதே சாய்வுக்குக் கணக்கைச் செய்தால் அவளுக்குத் தண்ணீர் தொடங்கும் இடம் ஏறத்தாழ 155 மீற்றர். எனக்குத் தெரிந்ததைவிட 100 மீற்றருக்கு மேலே கிட்டத்திலே. பனையடியிலே தண்ணீர் கிடந்தது என்று அவள் சொன்னது அவளுடைய கண்ணளவிலே முழு உண்மை. நான் அன்றைக்கு ஒருமுறை குந்தியிருந்து பார்த்திருந்தால் எனக்கும் அது தெரிந்திருக்கும். உயர்தர வகுப்புக்கு ஒளியியல் படிப்பித்த ஆள் நான்.

நேயர்களே, காற்றுப் படைகள் எதிர்மாறாக, கீழே குளிராகவும் மேலே சூடாகவும் இருந்தால் என்ன நடக்கும் என்றும் கேட்கலாம். அப்போது ஒளி கீழ்நோக்கி வளையும். தொடுவானத்துக்குக் கீழே உள்ளது மேலே மிதக்கும். 1597 ஆம் ஆண்டு தை மாதம், வட துருவப் பக்கத்து நோவயா செம்லியாத் தீவிலே பனியிலே சிக்கியிருந்த வில்லெம் பாரென்ஸின் கப்பலாட்கள், கணக்கின்படி உதிக்க வேண்டிய நாளுக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முந்தியே சூரியனைக் கண்டார்கள். ஊருக்குத் திரும்பிச் சொன்னபோது நம்பாதவர்கள் பலர். அவ்வளவு தூரம் போவானேன்? முல்லைத்தீவுக் கடற்கரையிலே விடியற்காலை நின்று பாருங்கள். சூரியனின் அடிவிளிம்பு கடலைத் தொட்டுக்கொண்டு முழு வட்டமாகத் தெரிகிற அந்தக் கணத்திலே உண்மையான சூரியன் முழுவதும் இன்னும் கடலுக்குக் கீழேதான் இருக்கிறது. தொடுவானத்திலே வளிமண்டலம் ஒளியை வளைத்து உயர்த்திக் காட்டும் அளவு, சூரியனுடைய வட்டத்தின் அகலத்தைவிடச் சற்றுக் கூட. நாள்தோறும் காணும் உதயத்திலும் ஒரு துளி பேய்த்தேர் இருக்கிறது என்று வையுங்கள்.

விலங்குகள் சங்கதி ஒன்று மிச்சம் இருக்கிறது. எங்கள் அப்பு வண்டிலிலே உப்பு ஏற்றப் போய்வந்த மனிதர். கானலைக் கண்டு மாடு ஒருநாளும் நடையைக் கூட்டியதில்லை என்பார். "தண்ணியை மாடு மூக்காலை பாக்கும், மனுசன்தான் கண்ணாலை குடிக்கப் பாப்பான்." சங்கப் புலவர்களுக்கு எதிராக அப்புவைச் சாட்சிக்கு இழுக்க நான் வரவில்லை, அவர்கள் கண்டது காட்டு விலங்கை. ஆனால் பூச்சிகள் பற்றி ஒரு செய்தி உண்டு. நீர்ப்பூச்சிகள் பலவும் தும்பிகளும் தண்ணீரைப் பளபளப்பால் அல்ல, அதிலே தெறிக்கும் ஒளி கிடையாக முனைவாக்கம் பெற்றிருப்பதால் கண்டுகொள்ளுகின்றன. இது எங்கள் கண்ணுக்குப் புலப்படாத குணம். 1990களிலே ஹங்கேரியரான ஹோர்வாத்தும் அவருடன் சேர்ந்தவர்களும் கானல் நீரின் ஒளியை அளந்து பார்த்தார்கள். அது வளைந்து வந்த வானொளி. தெறித்த ஒளி அல்ல. ஆகவே அந்த முனைவாக்கம் அதிலே இல்லை. தும்பியைப் பேய்க்காட்ட முடியாது! ஆனால் அதே ஆய்வாளர்கள் இன்னொன்றும் கண்டார்கள். காய்ந்த தார் வீதியிலே தெறிக்கும் ஒளிக்கு அந்தக் குணம் இருக்கிறது. ஆற்றோரத்து ஈசல் போன்ற சிறு பூச்சிகள் வீதியைத் தண்ணீர் என்று நம்பி அதிலே முட்டையிட்டு வீணாகின்றன. ஒரே வீதி, எங்களுக்கு ஒரு தண்ணீரைக் காட்டுகிறது, அவற்றுக்கு வேறொரு தண்ணீரைக் காட்டுகிறது.

கடிதம் எழுதிய பிள்ளைக்கு ஒரு சிறு வேலை தருகிறேன். பாடசாலையிலே மேற்குப் பார்த்த நீண்ட மதில் இருக்குமல்லவா? பின்னேரம் நன்றாக வெயில் குடித்திருக்கும் வேளையிலே மதிலின் ஒரு நுனியிலே கன்னத்தை வைத்தாற்போல நின்று மறு நுனியைப் பாருங்கள். தோழி ஒருத்தி அங்கே ஒரு திறப்பையோ கரண்டியையோ மதிலுக்கு ஓரிரு அங்குலத் தூரத்திலே பிடிக்கட்டும். மதிலுக்குள்ளே இன்னொரு கரண்டி தோன்றி உங்கள் கரண்டியைத் தொட வரும். வீதியிலே நடப்பது அங்கே நிமிர்ந்து நடக்கும். தண்ணீர் என்று அதனை யாரும் சொல்லமாட்டார்கள், மதிலிலே தண்ணீர் நிற்காதே! அடுத்த முறை ஆனையிறவுப் பக்கம் போகும்போது, வாகனம் வராத இடமாகப் பார்த்து வீதியோரத்திலே இறங்கி, நின்று ஒரு படமும் குந்தியிருந்து ஒரு படமும் எடுங்கள். இரண்டையும் பக்கத்திலே வைத்துப் பார்த்து, தண்ணீர் எந்தக் கம்பத்தடியிலே தொடங்குகிறது என்று எனக்கு எழுதுங்கள்.

அக்காவின் மகள் இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அண்மையிலே அவள் வீட்டுக்குப் போனபோது இந்தக் கணக்கை ஒரு துண்டிலே எழுதிக் காட்டி, "அன்றைக்கு நீ சொன்னது சரி" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. பனையும் நினைவில்லை, கானலும் நினைவில்லை, நான் ஏசியதும் நினைவில்லையாம். பின்னேரம் போல யாரோ ஒரு வீட்டுக்காரர் கிணற்றிலே அள்ளி வாளியோடு நீட்டிய தண்ணீரும், அந்த வாளியின் துருமணமும்தான் நினைவிருக்கிறதாம்.